எத்தனை பேரைத் தாங்கும் ஓர் ஊர்?

"இதுக்கு மேல மெட்ராஸ் தாங்காது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போதும், வீட்டு வாடகையைக் கேட்டு மலைக்கும்போதும் தானாக வந்துவிடும் வாக்கியம் அது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்கள் கண்ணுக்கு ஊர் நிரம்பித்தான் தெரிந்தது. ஆனாலும் ஊர் தாங்கியது. 1951 கணக்கெடுப்பில் 14 லட்சம் பேர் இருந்தார்கள். 1981-ல் ஏறக்குறைய 33 லட்சம். 2011-ல், பழைய மாநகராட்சி எல்லைக்குள் மட்டும், 46 லட்சம்.

அப்படியானால் எல்லை என்று ஒன்று உண்டா, இல்லையா? உண்டு என்றால் அதை எது நிர்ணயிக்கிறது? நிலமா, தண்ணீரா, வேலையா?

உயிரினங்களின் எண்ணிக்கை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்று ஆராய்பவர்களுக்கு இது பழகிய கேள்வி. ஓர் இடத்தில் வாழும் ஓரின உயிர்களின் கூட்டத்தைக் குடித்தொகை என்பார்கள். அந்த இடம் நீண்ட நாள் வைத்துக் காப்பாற்றக்கூடிய உச்ச எண்ணிக்கையைத் தாங்குதிறன் என்பார்கள். காட்டில் மான்களுக்கும் ஏரியில் மீன்களுக்கும் இதைக் கணக்கிட முயல்கிறார்கள். மனிதர்களின் ஊரில் கணக்கிடுவது கடினம்; சாலை, சம்பளம், சாதி, அரசியல் எல்லாம் குறுக்கே வரும். எனவே முதலில் கொஞ்சம் எளிமையான ஓர் ஊரைப் பார்த்துவிடலாம். அது சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், கல்பாக்கத்தில், கடலுக்கு அடியில் இருக்கிறது.

468 மீட்டர் குழாய்

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 1985-ல். அணு உலையானாலும் நிலக்கரி உலையானாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. சுழற்றி முடித்த நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்க வேண்டும். அதற்கு ஏராளமான குளிர்ந்த நீர் வேண்டும். கல்பாக்கத்தில் அது வங்காள விரிகுடாவிலிருந்து வருகிறது.

கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் வட்டமான ஓர் உறிஞ்சுகிணறு. அதைச் சுற்றி 16 ஜன்னல்கள். அந்த ஜன்னல்கள் வழியே உள்ளே விழும் நீர், கடல்தரைக்கு அடியில் பாறையைக் குடைந்து போட்ட சுரங்கத்தின் வழியாகக் கரையிலுள்ள பம்ப் ஹவுசுக்கு வருகிறது. சுரங்கத்தின் நீளம் 468 மீட்டர், விட்டம் 3.8 மீட்டர். ஒரு லாரி தாராளமாக உள்ளே போகலாம். இரண்டு உலைகளும் ஓடும்போது விநாடிக்குச் சுமார் 35,000 லிட்டர் கடல்நீர் இதில் பாய்கிறது. ஒரு நாளைக்கு 300 கோடி லிட்டர். சென்னை மாநகருக்குக் குழாயில் தரும் குடிநீர் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் அளவில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இந்த ஓட்டத்தின் பருமன் புரியும். (2004 டிசம்பர் 26 அன்று சுனாமியும் இதே வழியாகத்தான் பம்ப் ஹவுசுக்குள் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த ஓர் உலையை அன்று பாதுகாப்பாக நிறுத்தினார்கள்.)

இருட்டு, வெறும் கான்கிரீட் சுவர், விடாத நீரோட்டம். கட்டிய பொறியாளர்களுக்கு அது ஒரு குழாய். கடலில் மிதந்துகொண்டிருந்த கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு அது புதிதாகப் போட்ட மனைப்பிரிவு.

நிலையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குள் ஒட்டியிருந்த உயிர்களின் எடையை மதிப்பிட்டபோது சுமார் 580 டன் வந்தது. அதில் 400 டன்னுக்கு மேல் ஒரே ஓர் இனம்: பச்சை ஆழி. கேரளத்தில் கல்லும்மக்காய் என்று குழம்பு வைக்கிறார்களே, அதே உயிர்தான். இரண்டு ஓடு, விளிம்பில் பளிச்சென்ற பச்சை. வயது ஏற ஏற முதுகு பழுப்பாகி, ஓரத்தில் மட்டும் பச்சை தங்கும். ஓட்டின் இடுக்கிலிருந்து பழுப்பு நிற நார்க்கற்றை ஒன்று நீண்டு பாறையைப் பிடித்திருக்கும். அந்தப் பற்றுநார்களைக் கையால் பிய்ப்பது சுலபமில்லை. பிய்த்தால் பக்கத்து ஆழியும் சேர்ந்து வரும். ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு அடுக்கடுக்காக வளர்வது அதன் வழக்கம்.

முதலில் வருபவர்கள்

பச்சை ஆழி முதல் ஆளாக வருவதில்லை. கல்பாக்கத்தில் ஆய்வாளர்கள் நிலையத்தின் படகுத்துறையிலிருந்து மரப்பலகைகளைக் கடலில் தொங்கவிட்டு, வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று எடுத்துப் பார்த்து வந்திருக்கிறார்கள். சுத்தமான பலகை கடலில் இறங்கிய சில மணி நேரத்திலேயே பாக்டீரியா வந்து வழவழப்பான ஓர் உயிர்ப்படலம் போட்டுவிடும். அதன்மேல் நுண்பாசிகள் அமரும். பிறகு மீனவர்கள் கொட்டலசு என்று சொல்லும் சிற்றுயிர், சுண்ணாம்புக் கூம்பாகப் படகின் அடியில் ஒட்டிக் காலைக் கிழிக்குமே, அது. அதோடு செடி போலக் கிளைக்கும் நுண்விலங்குகள். ஆழிகள் பெரும்பாலும் இவர்களுக்குப் பிறகு. ஒருவர் போட்ட தளத்தின்மேல் அடுத்தவர் குடியேறும் இந்த வரிசையைப் படிமுறைக் குடியேற்றம் என்று சொல்லலாம்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இயற்பியலில் இருக்கிறது. விநாடிக்கு 35,000 லிட்டர் என்றால் சுரங்கத்தின் நடுவில் நீர், மனிதன் ஓடும் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சால் எதையும் பிடிக்க முடியாது. ஆனால் சுவரை ஒட்டிய நீர் எப்போதும் மெதுவாகப் போகும். சுவரில் கொட்டலசு கட்டிய மேடுபள்ளங்களுக்கு நடுவே இன்னும் மெதுவாகப் போகும். அந்த இடுக்குகளில்தான் ஆழிக்குஞ்சு நார் வீசி ஒட்டிக்கொள்கிறது. முதலில் வந்தவர்களின் முரட்டுத்தனம் பின்னால் வருபவர்களுக்குத் தங்குமிடம்.

கொட்டலசிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. அதன் குஞ்சு ஒருமுறை ஒட்டினால் ஆயுளுக்கும் அந்த இடம்தான். அதனால் ஒட்டுவதற்கு முன் இரண்டு உணர்கொம்புகளையும் கால்போல ஊன்றிப் பரப்பின்மேல் நடந்து நடந்து பார்க்கும். அந்தப் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை. சேமித்து வைத்த கொழுப்பில் ஓடுகிறது. அது தேடுவது பெரும்பாலும் தன் இனத்தார் ஏற்கெனவே வாழ்ந்த தடயத்தை. 1953-ல் நைட்-ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதனைகளால் காட்டினார். காலி இடம் நிறையக் கிடக்கையில் நெரிசலான இடத்தைத் தேடி ஏன் போக வேண்டும்? நகர முடியாத உயிருக்கு இணை சேர வேண்டுமென்றால் துணை கை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஒதுங்கிக் குடியேறிய கொட்டலசுகளுக்கு வாரிசு குறைவு. கூட்டத்தை நாடியவற்றின் வாரிசுகளே இன்றைக்கு நாம் காணும் கொட்டலசுகள். பரிணாமம் என்பது இவ்வளவுதான்: எந்தப் பழக்கம் அதிக வாரிசை விட்டுச் சென்றதோ அது பெருகியது.

சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தக் கொட்டலசுகளோடு கழித்தார். கல்பாக்கத்திலும் உலகின் பெரும்பாலான வெப்பக்கடல் துறைமுகங்களிலும் காணப்படும் ஆம்பிட்ரைட் என்னும் இனத்துக்கு 1854-ல் பெயர் வைத்தவரே அவர்தான். உயிரினங்களின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற நூல் அதற்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் வந்தது.

ஒரு சதுர மீட்டர் சுவர்

இனி ஒரு கணக்கு. சமன்பாடு வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் போதும்.

சுரங்கச் சுவரில் ஒரு சதுர மீட்டரை மட்டும் மனதில் வெட்டி எடுத்துக்கொள்வோம். அதில் அதிகபட்சம் 1,000 ஆழிகள் பிழைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண், அளந்தது அல்ல. தொடக்கத்தில் 10 ஆழிகள் இருக்கின்றன. இடம் காலியாக இருந்தால் ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஒன்றைச் சேர்த்துவிடும். ஆனால் புதிதாக வருவது பிழைக்க இடம் வேண்டும். சுவரில் பாதி காலி என்றால் வருபவற்றில் பாதி பிழைக்கும். கால் பங்கு காலி என்றால் கால் பங்கு. விதி அவ்வளவுதான்.

முதல் மாதம் சுவரில் 99 சதவீதம் காலி. எனவே பத்தும் பத்தும் ஏறக்குறைய இருபது. இரண்டாம் மாதம் 39. மூன்றாம் மாதம் 77. நான்காம் மாத முடிவில் 149. இந்தக் கட்டத்தில் அந்தச் சுவரைப் பார்க்கும் எவருக்கும் கவலை வராது; ஆறில் ஒரு பங்குகூட நிறையவில்லை. ஐந்தாம் மாதம் 275. ஆறாம் மாதம் 474. ஏழாம் மாதம் 724. மூன்றே மாதத்தில் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது முக்கால் சுவரை மூடிவிட்டது. எட்டாம் மாதம் 924. ஒன்பதாம் மாதம் 994. பத்தாம் மாதத்தில் ஆயிரம் என்றே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு மாற்றம் இல்லை.

மொத்தத்தைப் பார்க்காமல் மாதாமாதம் கூடியதை மட்டும் பாருங்கள். 10, 19, 38, 72, 126, 199, 250, 200, 70, 6. ஏறி, உச்சத்தைத் தொட்டு, சரிகிறது. உச்சம் எங்கே? சுவர் பாதி நிரம்பிய தறுவாயில். அதுவரை ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட அதிகமாகக் கூடியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் குறைவாக. வரைபடமாகப் போட்டால் படுத்திருந்து எழுந்து மறுபடி படுக்கும் ஒரு வளைவு. இதை ஏறிச்சாய் வளைவு என்று அழைக்கிறேன்.

இந்த வளைவில் நம்மை ஏமாற்றுவது அதன் நடுப்பகுதி. அங்கே நிற்பவருக்கு வளர்ச்சி கட்டுக்கடங்காமல் போவதாகத் தோன்றும். அதே வேகத்தை நீட்டிக் கணக்குப் போட்டால் அடுத்த ஆண்டு ஆழிகள் சுரங்கத்தை உடைத்துக்கொண்டு வந்துவிடும். உண்மையில் திருப்பம் அங்கேயே நிகழ்ந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் விலையை நீட்டிப் பார்ப்பது இப்படித்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் அது வேறு நூலுக்கான விஷயம்.

1838

இந்த வளைவை முதலில் கணக்காக்கியவர் பெல்ஜியத்தின் பியர் வெருல்ஸ்ட், ஆண்டு 1838. மக்கள்தொகை கட்டில்லாமல் பெருகும், உணவு அதோடு ஓடிவர முடியாது என்று 1798-ல் எழுதிய மால்தஸுக்கு அது ஒரு வகையில் பதில். அதே 1838-ல், லண்டனில், டார்வின் மால்தஸைப் படித்தார். இடத்துக்கு மிஞ்சிப் பிறக்கும் உயிர்களில் யார் மிஞ்சுவார்கள் என்ற கேள்வி அவர் மனதில் பற்றிக்கொண்டது. குடித்தொகைக் கணக்கும் பரிணாமக் கொள்கையும் ஒரே ஊற்றில் கிளம்பின.

வெருல்ஸ்டை உலகம் மறந்துபோனது. 1920-ல் அமெரிக்காவின் ரேமண்ட் பேர்லும் லோவல் ரீடும் அதே வளைவைத் தாங்களாகக் கண்டுபிடித்து, அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்மேல் பொருத்திப் பார்த்தார்கள். அழகாகப் பொருந்தியது. அதை நீட்டி, அமெரிக்காவின் மக்கள்தொகை 19 கோடியே 70 லட்சத்துக்கு மேல் போகாது என்றார்கள். 1967-ல் அமெரிக்கா 20 கோடியைத் தாண்டியது. இன்று 33 கோடிக்கும் மேல்.

கணக்கில் பிழை இல்லை. வளைவின் வடிவமும் சரி. தவறியது எங்கே? தாங்குதிறனை மாறாத எண் என்று எடுத்துக்கொண்டதில். அது ஏன் மாறுகிறது என்பதற்கு விடை சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

குஞ்சுகள் எங்கிருந்து வந்தன?

நம் ஒரு சதுர மீட்டர் கணக்கில் ஒரு பொய்யைத் தெரிந்தே சொன்னேன். ஒவ்வொரு ஆழியும் தன் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கும் என்றேன். உண்மையில் பச்சை ஆழி முட்டையையும் விந்தையும் நேராகக் கடலில் விடுகிறது. ஒரு பெண் ஆழி விடும் முட்டைகள் லட்சக்கணக்கில். அவற்றிலிருந்து வரும் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து அலைகிறது. சுரங்கத்தில் பிறந்தது சுரங்கத்தில் தங்க வழியே இல்லை. நிமிடங்களில் குளிர்விப்பானைக் கடந்து வெளியே போய்விடும். சுவரில் வந்து ஒட்டுவதெல்லாம் வேறெங்கோ பிறந்தவை. மாமல்லபுரத்துப் பாறைகளாக இருக்கலாம், இன்னும் தள்ளியும் இருக்கலாம். இந்தக் கடற்கரையில் நீரோட்டமே ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது: ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவமழை நாட்களில் தெற்கு நோக்கி.

பிறப்பால் வளரும் கூட்டத்தை மூடிய குடித்தொகை என்றும், வரவால் வளரும் கூட்டத்தைத் திறந்த குடித்தொகை என்றும் சொல்லலாம். சுரங்கம் முழுக்கத் திறந்தது. அதன் வளர்ச்சிக்கும் உள்ளே எத்தனை பிறக்கின்றன என்பதற்கும் தொடர்பே இல்லை.

இதனால் ஒன்று தெரிகிறது. பருவமழையில் எடையூர், சதுரங்கப்பட்டினம் காயல்களின் முகத்துவாரங்கள் உடைந்து திறந்து, நன்னீர் கடலில் கொட்டும். உப்பு குறையும், வரத்தும் குறையும், பலகைகளில் புதுக் குடியேற்றம் மங்கும். மழை ஓய்ந்து முகத்துவாரங்களை மணல் அடைத்து, கடல் பழைய உப்புக்குத் திரும்பியதும் மறுபடி தொடங்கும். சுவர் அப்படியேதான் இருந்தது. மாறியது வரத்து.

தாங்குதிறனும் அப்படியே. 468 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் விட்டம் என்றால் சுவரின் பரப்பு சுமார் 5,600 சதுர மீட்டர். 580 டன்னை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல். செங்குத்துக் கிணறுகளின் சுவர்களையும் சேர்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், ஒரு கதவளவு சுவரில் இரண்டு மூன்று ஆட்களின் எடைக்கு உயிர் தொங்குகிறது. தேங்கிய குளத்தின் சுவரில் இத்தனை ஆழிகள் ஒட்டினால் சில நாளில் மூச்சும் உணவும் இன்றிச் செத்துவிடும். ஆழி இரை தேடி நகர்வதில்லை. வாய்க்கு வரும் நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்பாசியைத் தின்கிறது. சுரங்கத்தில் நாளொன்றுக்கு 300 கோடி லிட்டர் புது நீர் உணவையும் ஆக்சிஜனையும் சுமந்து வந்து கழிவை வாரிக்கொண்டு போகிறது. அலையடி இல்லை, வெயில் இல்லை, கொத்தித் தின்னும் பகைவர்களும் வெளியைவிடக் குறைவு. சுவர் கொடுத்தது ஒட்ட ஓர் இடம். எத்தனை பேர் என்பதை எழுதியது ஓட்டம்.

சென்னையின் வளைவு

இப்போது ஊருக்குத் திரும்பலாம். பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1981 முதல் 1991 வரை கூடியவர்கள் 5.6 லட்சம். அடுத்த பத்தாண்டில் 5 லட்சம். 2001 முதல் 2011 வரை 3 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டி. நம் சுவரின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் மாதங்கள் நினைவுக்கு வரும். "தாங்காது" என்றவர்களின் வாக்கு, அந்த எல்லைக்கோட்டுக்குள், மெல்லப் பலிக்கத்தான் செய்தது.

ஆனால் அதே 2001–2011-ல் ஒட்டிக் கிடந்த காஞ்சிபுரம் மாவட்டம் ஏறக்குறைய 39 சதவீதம் வளர்ந்தது; 29 லட்சத்திலிருந்து 40 லட்சம். கல்பாக்கமும் செங்கல்பட்டும் அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி பிறப்பால் வந்ததல்ல. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 2019–21 குடும்பநல ஆய்வின்படி 1.8. தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கை மாறாமல் இருக்கவே 2.1 வேண்டும். ஆக, நகரங்களும் சுரங்கத்தைப் போலத் திறந்த குடித்தொகைகள். வந்து சேருபவர்களால் வளர்பவை. வருபவர்களும் கொட்டலசைப் போல, ஏற்கெனவே சொந்தக்காரர் ஒருவர், ஊர்க்காரர் ஒருவர் ஒட்டியிருக்கும் தெருவில்தான் முதலில் இறங்குகிறார்கள்.

ஓட்டம் என்னவாயிற்று? தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். செங்குன்றமும் பூண்டியும் போதாமல் 1996-ல் கிருஷ்ணா நீர் வந்தது. 2004-ல் வீராணத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் வந்தது. 2010-ல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013-ல் மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அதே நெம்மேலியில் 2024-ல் 15 கோடி லிட்டருக்கு மேலும் ஒன்று. நடுவில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு குழாயும் தாங்குதிறனை ஒரு படி உயர்த்தியது. பேர்லும் ரீடும் கோட்டைவிட்டது இதைத்தான்: ஆழி தன் குழாயை நீட்டிக்கொள்ள முடியாது, ஊர் நீட்டிக்கொள்ளும்.

நீட்டுவதற்கு விலை உண்டு என்பது வேறு. ஏரி நீர் தானாக இறங்கி வரும். கடல்நீரின் உப்பை நீக்க மின்சாரம் வேண்டும். ஒரு கோடையில் எந்தக் கண்ணி அறுந்தாலும், உயர்த்திய படியிலிருந்து ஊர் ஒரே நாளில் இறங்கியாக வேண்டும். 2019-ல் விடுதிகளும் ஓட்டல்களும் மூடப்பட்டதைப் பார்த்தோம்.

குளோரினுக்கு முன்பே இருந்த விடை

580 டன் உயிர் ஒரு மின்நிலையத்துக்கு வேடிக்கையான விஷயமல்ல. நீரின் பாதை குறுகும். பம்புகள் அதிகம் உழைக்கும். செத்து உதிரும் ஓடுகள் குளிர்விப்பானின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். நீராவி சரியாகக் குளிராவிட்டால் மின்சாரம் குறையும். எனவே குளோரின்.

நாளுக்குச் சில மணி நேரம் குளோரின் விட்டு நிறுத்தினால் ஆழி சாவதில்லை. குளோரினை உணர்ந்ததும் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்கிறது. இதயத் துடிப்பைக் குறைத்து, ஆக்சிஜன் இல்லாமலே உடலை ஓட்டும் ஒரு சிக்கன முறைக்கு மாறிக் காத்திருக்கிறது. நாட்கணக்கில் அப்படி இருக்க அதனால் முடியும். நீர் தெளிந்ததும் திறந்துகொள்கிறது.

குளோரினைக் கடலில் விடத் தொடங்கி மனிதனுக்கு நூறு வருடம் ஆகியிருக்கலாம். இந்தத் தற்காப்பைக் குளோரினுக்காக ஆழி உருவாக்கிக்கொள்ளவில்லை. கால அவகாசமே போதாது. ஓதம் வற்றிப் பாறை வெயிலில் காயும்போது, பருவமழையில் முகத்துவாரம் உடைந்து நன்னீர் மேலே பாயும்போது, மூடத் தெரிந்தவை பிழைத்தன, தெரியாதவை போயின. கோடிக்கணக்கான ஆண்டு ஓதத்துக்கும் மழைக்கும் தயாரான விடை, நேற்று வந்த குளோரினுக்கும் பொருந்திவிட்டது. ஒன்றுக்காக வந்த உறுப்போ பழக்கமோ வேறொன்றுக்குக் கைகொடுப்பதை 1982-ல் ஸ்டீபன் ஜே கோல்டும் எலிசபெத் வ்ர்பாவும் தனியாகப் பெயரிட்டுப் பேசினார்கள். வேறுபணித் தகவு என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

பொறியாளர்களின் பதில் எளிது: நிறுத்தாதே. மிகக் குறைந்த அளவில், ஆனால் இடைவிடாமல் குளோரின் விடுவது. மூடியே கிடந்தால் பட்டினி, திறந்தால் நஞ்சு. முக்கியமாக, புதிதாக வரும் குஞ்சு சுவரில் ஒட்டவே தயங்குகிறது. வளர்ந்த ஆழியைக் கொல்ல வாரக்கணக்கில் ஆகும். வரத்தைத் தடுப்பது அதைவிட மலிவு. திறந்த குடித்தொகையை நிர்வகிக்க வாசலில் நிற்பதுதான் வழி.

வாசல் ஒன்று அல்ல என்பது எண்ணூரில் தெரிந்தது. அமெரிக்கக் கண்டங்களின் வெப்பக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு கறுப்பு ஆழி, கப்பல்களின் அடியிலோ அவை நிலைப்புக்காக ஏற்றிவரும் நீரிலோ வந்திருக்கலாம் என்கிறார்கள், கொசஸ்தலை ஆற்றின் தரையை மூடிப் பரவிவிட்டது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். மஞ்ச மட்டியும் பச்சை ஆழியும் இறாலும் இருந்த சேற்றில் இப்போது அதுவே கம்பளம். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் அது கவலைப்படுவதில்லை. காயல்களுக்கு அந்தக் குணம் ஒன்று போதும்.

ஐந்து கிலோமீட்டர்

கல்பாக்கத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மனிதக் குடித்தொகையின் வளர்ச்சிக்குச் சட்டமே வகை பிரித்திருக்கும் சில இடங்களில் அது ஒன்று. அங்கே அணுமின் நிலையத்தை ஒட்டிச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் பொதுமக்கள் குடியிருப்பு கூடாது. அதைத் தாண்டி 5 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் இயற்கையான வளர்ச்சிக்கு மட்டும் இடம். இருக்கிறவர்கள் இருக்கலாம், பிள்ளை பெறலாம், வீட்டைப் பெருக்கிக் கட்டலாம். ஆனால் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் பெரிய தொழிற்சாலை, புது நகரியம், அடுக்குமாடி வளாகம் கூடாது. காரணம் எளிது: விபத்து நேர்ந்தால் அந்த வளையத்திலிருந்து மக்களைச் சில மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டும். மனை அனுமதியிலும் கட்டட அனுமதியிலும் படும் இழுபறி பற்றி அந்தப் பகுதிக்காரர்களுக்கு மனக்குறை உண்டு, நியாயமான குறைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மற்றவர்களின் நிலம் விலையேறும்போது தங்கள் நிலம் மட்டும் ஒரு விதியின் உள்ளே இருக்கிறது.

நம் மொழியில் சொன்னால், அந்த வளையம் வரத்துக்கு மூடி, பிறப்புக்குத் திறந்து வைத்த ஊர். அதைச் சுற்றி இரண்டுக்கும் திறந்த ஊர்கள். ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்ற சராசரியில், மூடிய குடித்தொகை சில பத்தாண்டுகள் மெல்லக் கூடும். இப்போதைய இளைஞர்கள் பெற்றோராகும் வரை அந்த உந்துதல் இருக்கும். பிறகு நிற்கும். அதற்குப் பிறகு குறையும். வளையத்துக்கு வெளியே, மாமல்லபுரம் பக்கமும் திருக்கழுக்குன்றம் பக்கமும், அதே 1.8 இருந்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்த 2022 அரசாணை அந்த வரத்தை எதிர்பார்த்து எழுதியதுதான்.

2011-க்குப் பிறகு இந்தியாவில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கான நாள் 2027 மார்ச் 1. கிராம வாரியான எண்கள் வெளிவரும்போது புதுப்பட்டினத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் மாமல்லபுரத்தையும் அருகருகே வைத்து, வளையத்தின் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பார்க்கும்போது மொத்தத்தைப் பார்க்காமல், பத்தாண்டுக்குப் பத்தாண்டு எவ்வளவு கூடியது என்பதைப் பாருங்கள்.